அதிகாரம் 6: முதலில் 1929, பிறகு ஆயர்

இந்த அதிகாரம் ஞாயிறு பாடசாலையில் கற்பிப்பவருக்கும், பாடகர் குழுவை நடத்துபவருக்கும், பங்குச் சபையில் இருப்பவருக்கும், தோட்டத்து லயத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் ஒரு சித்திக்கும் எழுதப்பட்டது. ஒரு குருவானவரோ போதகரோ அருட்சகோதரரோ ஒரு பிள்ளையைத் துஷ்பிரயோகம் செய்ததாக உங்கள் காதுக்கு எட்டினால் என்ன செய்வது, எதை முதலில் செய்வது என்பது மட்டுமே இங்கே பேசப்படுகிறது. களம் கடுகண்ணாவையும் அதன் சுற்றுப்புறமும். வேறு ஊரில் இருப்பவர்கள் பொலிஸ் நிலையம், பிரதேச செயலகம், மறைமாவட்டம் ஆகியவற்றின் பெயர்களை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

வரிசை ஏன் முக்கியம்

நம் ஊர்களில் இப்படி ஒரு செய்தி வந்ததும் நல்ல மனமுள்ளவர்கள் செய்வது ஒன்றுதான். மேற்றிராசன இல்லத்துக்குப் போவார்கள், அல்லது மூத்த போதகரைத் தேடிப் போவார்கள். "சபைக்குள்ளேயே தீர்த்துக்கொள்வோம்" என்பார்கள். பிழை அங்கேதான் தொடங்குகிறது. ஆயரிடம் சொன்னதோடு முறைப்பாடு செய்ததாகிவிடாது. ஆயருக்கு ஒருவரைக் கைது செய்யவோ, மருத்துவச் சான்று எடுக்கவோ, சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுக்கவோ அதிகாரம் இல்லை. அவரால் அதிகபட்சம் பணியிலிருந்து நீக்க முடியும். பல இடங்களில் அதுகூட நடக்காமல், வேறு பங்குக்கு மாற்றம் கொடுத்ததோடு விவகாரம் நின்றிருக்கிறது.

தமிழ் வாசகருக்கு நெருக்கமான உதாரணம் ஊட்டி. அந்த மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஜோசப் பழனிவேல் ஜெயபால் என்ற குருவானவர் 2004, 2005ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பணியாற்றியபோது, பதின்வயதுச் சிறுமிகளைத் துஷ்பிரயோகம் செய்ததாகக் குற்றம் சாட்டப்பட்டார். இந்தியாவுக்குத் திரும்பிய பிறகும் திருச்சபைக்குள் அவருக்கு வேலை இருந்தது. 2012இல் கைதாகி, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு, 2015இல் ஒரு சிறுமி தொடர்பான குற்றத்தை ஒப்புக்கொண்டார். தண்டனை முடிந்து வந்தவருக்கு விதிக்கப்பட்டிருந்த இடைநிறுத்தத்தை 2016 தொடக்கத்தில் ஊட்டி ஆயர், வத்திக்கானைக் கலந்தாலோசித்த பின்னர், நீக்கினார். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டவர் விடயத்திலேயே உள் நடவடிக்கை இப்படித்தான் முடிந்தது.

அங்கிலிக்கன் வாசகருக்கு இன்னும் அண்மையான ஒன்று உண்டு. கண்டிப் பகுதி அங்கிலிக்கன் ஆலயங்கள் குருநாகல் மறைமாவட்டத்தின் கீழ் வருகின்றன. இலங்கைத் திருச்சபைக்குப் பேராயர் என்ற நிலையில் இருப்பவர் கன்டபரி பேராயர். அந்தப் பதவியில் இருந்த ஜஸ்டின் வெல்பி 2024 நவம்பரில் பதவி விலகுவதாக அறிவித்தார். ஜோன் ஸ்மித் என்பவர் கிறிஸ்தவ முகாம்களில் பழக்கமான நூற்றுக்கும் மேற்பட்ட சிறுவர்களையும் இளைஞர்களையும் கொடுமைப்படுத்தியது பற்றி 2013இலேயே வெல்பிக்குத் தெரிந்திருந்தும், அதை அவர் பொலிஸாரிடம் உரியபடி கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை என்று விசாரணை அறிக்கை சொன்னது. பொலிஸுக்கு ஏற்கெனவே போய்விட்டது என்று அவர் நம்பியிருந்தார். ஸ்மித் 2018இல் இறந்துபோனார்; பிரித்தானியாவில் வழக்கு ஒன்றையும் சந்திக்கவில்லை. "யாரோ சொல்லியிருப்பார்கள்" என்ற நினைப்பு எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

ஆகவே இந்த அதிகாரத்தின் வரிசை இதுதான்: பிள்ளை, 1929 என்ற சிறுவர் உதவித் தொலைபேசி, பொலிஸ், வைத்தியசாலை, அதன் பிறகே திருச்சபை.

பிள்ளை பேசும்போது

பிள்ளைகள் நேராகச் சொல்வது அரிது. "ஃபாதர் வீட்டுக்குப் போகமாட்டேன்", "பூசைக்கு உதவி செய்ய மாட்டேன்", "எனக்கு வயிறு வலிக்குது" என்றுதான் ஆரம்பிக்கும். அப்போது:

1. இருந்த இடத்திலேயே உட்காருங்கள். மற்றவர் காதில் விழாத, ஆனால் கண்ணில் படும் இடம் நல்லது. கதவை மூட வேண்டாம்.
2. பிள்ளை தன் சொல்லில் சொல்லட்டும். "என்ன நடந்தது மகள்?" "பிறகு?" இந்த இரண்டு கேள்விகளே போதும். "அவர் உன்னை இங்கே தொட்டாரா?" என்று நீங்களாகச் சொல்லிக் கேட்காதீர்கள். பிள்ளையின் வாயில் நீங்கள் போட்ட சொல் என்று நாளை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்புச் சட்டத்தரணி சொல்வார்.
3. "சொன்னது நல்லது. உன்னில் ஒரு பிழையும் இல்லை" என்று சொல்லுங்கள். அதைவிட நீளமாக எதுவும் வேண்டாம்.
4. "யாருக்கும் சொல்லமாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். "உன்னைப் பாதுகாக்கிறவர்களிடம் மட்டும் சொல்லுவேன்" என்பதே உண்மையான வாக்கு.
5. விவரம் முழுவதையும் அன்றே கறக்க முயலாதீர்கள். விசாரிப்பது உங்கள் வேலை அல்ல. யார், எங்கே, ஏறக்குறைய எப்போது, இப்போது பிள்ளை பாதுகாப்பாக இருக்கிறதா என்பவை தெரிந்தால் போதும்.

அடிக்கடி நடக்கும் பிழை: அம்மா, மாமா, டீச்சர், சிஸ்டர் என்று ஒவ்வொருவராகப் பிள்ளையை மறுபடியும் மறுபடியும் சொல்லவைப்பது. ஒவ்வொரு தடவையும் பிள்ளை நோகிறது, கதையும் சிறிது மாறுகிறது. அந்த மாற்றமே பின்னர் வழக்கைக் கவிழ்க்கும்.

இன்னொரு பிழை, உண்மையை உறுதிசெய்துகொள்ள அந்தக் குருவானவரிடமே போய்க் கேட்பது. அவருக்கு முன்னறிவிப்புக் கொடுத்தால் கைபேசியில் இருந்தவை அழிந்துவிடும். பிள்ளையை மிரட்டவும் நேரம் கிடைத்துவிடும்.

அன்றே எழுதுங்கள்

பிள்ளை போனதும் ஒரு தாளை எடுத்து, திகதி, நேரம், இடம், பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே எழுதுங்கள். பிள்ளை கொச்சையாகச் சொன்னால் கொச்சையாகவே எழுதுங்கள். உங்கள் நடைக்கு மாற்ற வேண்டாம். நீங்கள் கேட்ட கேள்வியையும் சேருங்கள். கையொப்பமிட்டுப் பத்திரமாக வையுங்கள். வட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்ப வேண்டாம்.

1929ஐ அழைப்பது

தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைக்கப்பட்டது. அதன் இலவசத் தொலைபேசி எண் 1929. இருபத்துநான்கு மணி நேரமும் இயங்கும், தமிழிலும் பேசலாம், பெயர் சொல்லாமலும் தகவல் தரலாம். பதினெட்டு வயதுக்குக் குறைந்த யாரும் பிள்ளை என்பதே அந்தச் சட்டத்தின் கணக்கு.

பலருக்கு முதல் வாக்கியம்தான் வராது. இப்படித் தொடங்குங்கள்: "நான் கடுகண்ணாவையிலிருந்து பேசுகிறேன். ஒரு பிள்ளை, வயது பன்னிரண்டு, ஆலயத்தில் பொறுப்பில் உள்ள ஒருவரால் துஷ்பிரயோகத்துக்கு உள்ளானதாக என்னிடம் சொன்னது. அந்த நபர் இன்னும் பிள்ளைகளோடு இருக்கிறார்." மற்றதை அவர்கள் கேட்பார்கள்.

1. அழைப்பின் நேரத்தையும், கிடைக்கும் முறைப்பாட்டு இலக்கத்தையும் எழுதிக்கொள்ளுங்கள்.
2. அந்த நபர் இப்போது வேறு எந்தப் பிள்ளைகளோடு இருக்கிறார் என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். மறைக்கல்வி வகுப்பு, விடுதி, முகாம், சுற்றுலா எதுவானாலும்.
3. பிள்ளைக்கு உடனடி ஆபத்து என்றால் 1929க்குக் காத்திராமல் 119ஐ அழையுங்கள்.

கடுகண்ணாவைக்கு ஒரு சிக்கல் உண்டு. கணவாய்க்கு மேலே கண்டி மாவட்டம். வளைவுகளில் இறங்கி மாவனல்லைப் பக்கம் போனால் கேகாலை மாவட்டம். கத்தோலிக்கர்களுக்கு மறைமாவட்டமும் அங்கே மாறுகிறது: மேலே கண்டி, கீழே இரத்தினபுரி. சம்பவம் கீழே நடந்து பிள்ளை மேலே வாழ்ந்தால் "அது எங்கள் எல்லை அல்ல" என்ற பதில் வரக்கூடும். முதலில் 1929க்குச் சொல்லியிருந்தால் உரிய பொலிஸ் நிலையத்துக்கு அனுப்ப வேண்டிய பொறுப்பு உங்கள் தலையிலிருந்து இறங்கிவிடும்.

அதிகார சபையின் களப் பணியாளர்களையும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரையும் யட்டிநுவர பிரதேச செயலகத்தின் ஊடாக அணுகலாம். கிராம உத்தியோகத்தர் நல்லவராக இருந்தால் துணைக்கு வரச் சொல்லுங்கள். அவர் அந்தப் பங்கின் முக்கியஸ்தராகவும் இருந்தால் வேண்டாம்.

பொலிஸ் நிலையத்தில்

பெற்றோரில் ஒருவரோ பாதுகாவலரோ பிள்ளையோடு போவது நல்லது. நீங்கள் துணையாகப் போகலாம். நீங்களும் ஒரு சாட்சி.

1. நுழைந்ததும் சிறுவர் மற்றும் மகளிர் பிரிவைக் கேளுங்கள். பெண் உத்தியோகத்தர் வேண்டும் என்று கேட்பதில் தயக்கம் வேண்டாம்.
2. வாக்குமூலத்தைத் தமிழில் எடுக்கச் சொல்லுங்கள். சிங்களத்தில்தான் எழுதமுடியும் என்றால், நம்பிக்கையான ஒருவர் வாசித்து விளக்கும்வரை கையொப்பமிட வேண்டாம். தமிழும் அரசகரும மொழி. இது சலுகை அல்ல.
3. பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்ய முடியுமா என்று கேளுங்கள். 1999ஆம் ஆண்டின் 32ஆம் இலக்கச் சட்டம் பிள்ளையின் ஆரம்ப நேர்காணலை ஒளிப்பதிவாக நீதிமன்றத்தில் சான்றாக வைக்க இடம் தருகிறது. பிள்ளை ஒரே கதையைப் பலமுறை சொல்வதைக் குறைக்க இருக்கும் சிறந்த வழி அது.
4. முறைப்பாடு பதிவான திகதி, இலக்கம், பதிந்த உத்தியோகத்தரின் பெயர் இம்மூன்றையும் எழுதாமல் வெளியே வராதீர்கள்.
5. "ஃபாதரைக் கூப்பிட்டுப் பேசிப் பார்ப்போம்", "இரண்டு பக்கமும் சமாதானமாகப் போங்கள்" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். இது மத்தியஸ்த சபைக்குப் போகும் விடயமும் அல்ல. முறைப்பாட்டை ஏற்க மறுத்தால் அந்த விவரத்தோடு மறுபடி 1929ஐ அழையுங்கள். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996ஐயும் அழைக்கலாம்.

ஆதாரம் இல்லையே என்று பின்வாங்காதீர்கள். ஆதாரம் தேடுவது பொலிஸின் வேலை. முறைப்பாடு தீர்ப்பும் அல்ல; குற்றம் சாட்டப்பட்டவருக்கும் தன் பக்கத்தைச் சொல்ல நீதிமன்றம் இருக்கிறது. நீங்கள் கேட்டதைக் கேட்டபடி சொல்வதால் யாருக்கும் அநியாயம் செய்தவராக ஆகமாட்டீர்கள்.

சம்பவம் பழையது என்றாலும் சொல்லுங்கள். காலம் கடந்துவிட்டதா என்று தீர்மானிக்க வேண்டியவர் நீங்கள் அல்ல.

வைத்தியசாலை

சம்பவம் நடந்து 72 மணித்தியாலங்களுக்குள் என்றால் இந்தப் பகுதியை முதலில் வாசியுங்கள். உடலில் இருக்கும் தடயங்கள் மணிக்கு மணி அழியும். எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தும் 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கினால்தான் பயன்.

பிள்ளையைக் குளிப்பாட்டாதீர்கள். இது தாய்மாருக்கு மிகக் கடினமான அறிவுரை என்பது தெரியும். முதலில் கை போவது தண்ணீருக்குத்தான். ஆனாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகித உறையில் போடுங்கள். பொலித்தீன் பையில் ஈரம் தங்கித் தடயம் கெட்டுவிடும். பரிசோதிப்பவர் சட்ட வைத்திய அதிகாரி. கண்டியிலும் பேராதனையிலும் பெரிய அரச வைத்தியசாலைகள் இருக்கின்றன. பேராதனையில் சிறுவர்களுக்கென்றே சிறிமாவோ பண்டாரநாயக்க வைத்தியசாலையும் உண்டு. பொலிஸ் தரும் மருத்துவ-சட்டப் படிவம் கையில் இருந்தால் வேலை விரைவாகும். உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து என்றால் படிவத்துக்காக நிற்காமல் நேரே வைத்தியசாலைக்குப் போங்கள்.

72 மணித்தியாலங்கள் தாண்டிவிட்டாலும் போங்கள். காயம் இல்லை என்று அறிக்கை வந்தால் குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடாது. இதைப் பிள்ளையின் தகப்பனுக்கு முன்கூட்டியே விளக்கிவையுங்கள்.

இப்போது திருச்சபைக்குக் கடிதம்

முறைப்பாட்டு இலக்கம் கையில் வந்த பிறகுதான் இந்தக் கடிதம். அதை வாய்மொழியாகச் சொல்லாமல் எழுத்தில் கொடுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வையுங்கள். எப்போது அனுப்பலாம் என்று விசாரிக்கும் பொலிஸ் உத்தியோகத்தரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. சந்தேகநபர் தப்பிவிடாமல் இருக்க அது உதவும்.

யாருக்கு எழுதுவது? கத்தோலிக்கக் குருவானவர் என்றால் கண்டி ஆயருக்கு. முறைப்பாடு ஆயர் ஒருவரைப் பற்றியதே என்றால் கொழும்புப் பேராயருக்கு. அங்கிலிக்கன் என்றால் குருநாகல் ஆயருக்கு. மெதடிஸ்த திருச்சபை, பப்டிஸ்த சபை என்றால் அவற்றின் தலைமைப் பணிமனைக்கு. பிலிமத்தலாவையில் 1963 முதல் இயங்கும் இலங்கை இறையியல் கல்லூரியில் இந்த மூன்று சபைகளின் ஊழியர்களும் ஒன்றாகப் படிக்கிறார்கள் என்பதால், கல்லூரிக்குச் சொன்னால் போதும் என்று சிலர் நினைப்பார்கள். மாணவர் பற்றிய முறைப்பாடு என்றால் கல்லூரிக்கும் எழுதலாம். பணியில் உள்ள ஊழியரை இடைநிறுத்த வேண்டியது அவரவர் சபை. தனிப் போதகர் தாமே நடத்தும் சபையில் மேலே யாரும் இல்லை. அங்கே அரசின் கதவு ஒன்றுதான் உண்டு.

கடிதத்தில் இருக்க வேண்டியவை:

1. முறைப்பாடு பதிவான நிறுவனம், திகதி, இலக்கம்.
2. விசாரணை முடியும்வரை அந்த நபரைப் பிள்ளைகள் இருக்கும் எல்லாப் பணிகளிலிருந்தும் விலக்கிவைக்க வேண்டும் என்ற கோரிக்கை. "வேறு பங்குக்கு மாற்றுவது இதற்கு ஈடாகாது" என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள்.
3. பதிவேடுகள், கடிதங்கள், கண்காணிப்புக் கமராப் பதிவுகள் எதையும் அழிக்கக்கூடாது என்ற வேண்டுகோள்.
4. பதில் எதிர்பார்க்கும் திகதி.

பிள்ளையின் பெயரும் சம்பவ விவரமும் கடிதத்தில் வேண்டாம்.

கத்தோலிக்கர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சட்டம் ஒன்று. திருத்தந்தை பிரான்சிஸ் 2019 மே மாதத்தில் 'வோஸ் எஸ்திஸ் லுக்ஸ் முந்தி' என்ற ஆணையை வெளியிட்டார். 2023இல் அது புதுப்பிக்கப்பட்டது. துஷ்பிரயோகம் பற்றி அறியும் குருக்களும் துறவறத்தாரும் அதைத் தாமதமின்றித் தம் ஆயருக்கு அறிவித்தே ஆகவேண்டும். முறைப்பாடு செய்பவர்மேல் மௌனத்தைச் சுமத்தக்கூடாது, அவரைப் பழிவாங்கவும் கூடாது. நாட்டுச் சட்டம் விதிக்கும் கடமைகளை இந்த ஆணை குறைக்காது. அதே 2019 டிசம்பரில் இத்தகைய வழக்குகளுக்கு இருந்த பாப்பரசின் இரகசியக் காப்பும் நீக்கப்பட்டது. ஆகவே "இது திருச்சபை இரகசியம்" என்று யாராவது சொன்னால் அது 2019க்கு முந்திய பேச்சு.

பாவசங்கீர்த்தனத்தில் கேட்டதைக் குருவானவர் வெளியிட முடியாது. ஆனால் அந்த முத்திரை அவரை மட்டுமே கட்டும். பிள்ளையே உங்களிடம் சொன்னதை நீங்கள் சொல்ல எந்தத் தடையும் இல்லை. பாவசங்கீர்த்தனத்தில் இப்படி ஒன்றைக் கேட்கும் நல்ல குருவானவர், வெளியே வந்து நம்பிக்கையான பெரியவர் ஒருவரிடம் சொல்லும்படி பிள்ளையை ஊக்கப்படுத்துவார்.

இந்தியாவின் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டம், தெரிந்தும் சொல்லாதவரைத் தண்டிக்கிறது. நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை இன்னும் கூடுதல். இலங்கையில் எல்லோரையும் அப்படிக் கட்டும் பொதுவான ஏற்பாடு இல்லை. அது வரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் சான்றை அழிப்பதும் சாட்சியை மிரட்டுவதும் இங்கேயும் குற்றங்கள்தாம்.

அழுத்தம் வரும்போது

வரும். முதலில் கண்ணீரோடு வரும்: "பாவம் சுவாமி, எவ்வளவு நல்லது செய்தார்." பிறகு பயத்தோடு: "பிள்ளையின் எதிர்காலம் என்ன ஆகும், நாளைக்கு யார் கட்டுவார்?" சிறுபான்மை என்ற வாதமும் வரும்: "வெளியே தெரிந்தால் நம் சமயத்துக்குத்தான் கெட்ட பெயர்." கடைசியில் பணம், பாடசாலை அனுமதி, வேலை, வீடு.

கேரளத்தின் கொட்டியூரில் ரொபின் வடக்கும்சேரி என்ற பங்குத்தந்தை ஒரு பதினாறு வயதுச் சிறுமியை வல்லுறவுக்கு உட்படுத்தினார். குழந்தை பிறந்தது. முதலில் அந்தச் சிறுமியின் தகப்பனே குற்றத்தைத் தன்மேல் ஏற்றுக்கொண்டு பேசினார். சிறுவர் உதவித் தொலைபேசிக்கு வந்த ஒரு தகவலில்தான் உண்மை வெளிவந்தது. குருவானவர் 2017 பெப்ரவரியில் கைதானார். 2019இல் தலச்சேரி நீதிமன்றம் இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அது பத்தாகக் குறைந்தது. ஒரு தகப்பனை அப்படிச் சொல்லவைக்கும் அளவுக்கு அழுத்தம் இருக்கும் என்பதை நினைவில் வைத்து, குடும்பத்தைத் தனியே விடாதீர்கள்.

- குடும்பத்தைச் சந்திக்க வருபவரின் பெயர், நேரம், சொன்னது எல்லாவற்றையும் எழுதுங்கள். தனியாகச் சந்திக்க வேண்டாம்.
- வெற்றுத்தாளிலோ "மன்னித்துவிட்டோம்" என்ற கடிதத்திலோ கையொப்பமிட வேண்டாம். மன்னிப்பு அவரவர் மனச்சாட்சி. அது வழக்கை முடிக்காது.
- மிரட்டல் வந்தால் அதைத் தனி முறைப்பாடாகப் பதியுங்கள். 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் பாதிக்கப்பட்டவருக்கும் சாட்சிக்கும் பாதுகாப்புக் கேட்க உரிமை தருகிறது.
- முகப்புத்தகத்தில் எழுதாதீர்கள். பிள்ளையை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடுவது தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் குற்றம். ஆலயத்தின் பெயரும் வயதும் போட்டாலே ஊருக்குப் பிள்ளை யாரென்று தெரிந்துவிடும்.

விடுதியும் சிறுவர் இல்லமும்

தோட்டப்புறத்திலிருந்து படிப்புக்காக விடுதிகளிலும் இல்லங்களிலும் சேர்க்கப்படும் பிள்ளைகளுக்கு, சொல்லிக்கொள்ள வெளியே ஆள் இருப்பதில்லை. மாத்தளையில் பிறந்த பிரேமானந்தா என்ற இந்துச் சாமியார் 1984இல் தமிழ்நாட்டுக்குப் போய்த் திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஆசிரமம் அமைத்தார். இலங்கையிலிருந்து போன ஆதரவற்ற சிறுமிகள் அங்கே வளர்ந்தார்கள். 1994இல் அவர் கைதானார்; 1997இல் புதுக்கோட்டை நீதிமன்றம் பதின்மூன்று சிறுமியர் மீதான வல்லுறவுக்காகவும் ஒரு கொலைக்காகவும் அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது. அவர் கிறிஸ்தவக் குரு அல்ல. ஆனால் உணவும் உறைவிடமும் சமய மரியாதையும் ஒரே ஆள் கையில் இருந்தால் பிள்ளை வாய் திறக்காது என்பது எல்லாச் சமயத்துக்கும் பொது.

பிள்ளையை இல்லத்தில் சேர்க்குமுன், அது மத்திய மாகாண நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தில் பதிவானதா என்று கேளுங்கள். பிள்ளைக்கு 1929ஐ மனப்பாடமாக்குங்கள். மாதம் ஒரு முறையாவது, பொறுப்பாளர் பக்கத்தில் நிற்காமல், பிள்ளையோடு பேச அனுமதி வேண்டும். அதை மறுக்கும் இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

வழக்கு நடக்கும் காலத்தில்

நீதவான் நீதிமன்றம், சட்டமா அதிபர் திணைக்களம், மேல் நீதிமன்றம் என்று ஆண்டுகள் போகும். பன்னிரண்டு வயதில் பேசிய பிள்ளை பெரியவளாகிக் கூண்டேறலாம். மாதத்துக்கு ஒருமுறை பொலிஸில் நிலவரம் கேட்டு, கேட்ட திகதியைக் குறித்து வையுங்கள். கட்டணம் கட்ட முடியாத குடும்பத்தை சட்ட உதவி ஆணைக்குழுவிடம் அழைத்துப் போங்கள். உளநல ஆலோசனையை வழக்கு முடியும்வரை தள்ளிப்போட வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வது என்பதையும் குடும்பத்தோடு இருந்து முடிவு செய்யுங்கள். அதே ஆலயத்தில் அந்தப் பிள்ளை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் உட்கார வேண்டியிருக்கும். பாட்டுப் பாட ஆசைப்பட்ட பிள்ளை என்றால், பாடகர் குழுவோடு ஆலயத்தையும் சேர்த்து இழந்துவிடும். பிலிமத்தலாவையிலோ கண்டியிலோ வேறொரு ஆலயத்துக்கு யாராவது துணைக்குப் போகலாமா, பஸ் செலவை யார் ஏற்பது, உறுதிபூசுதலுக்கோ திடப்படுத்தலுக்கோ வேறு இடத்தில் தயாராக முடியுமா என்று கேட்டு ஏற்பாடு செய்யுங்கள். போக வேண்டாம் என்று பிள்ளை சொன்னால் வற்புறுத்தாதீர்கள். வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.